அப்பாவின் உப்புக் கணக்கு

சம்பளத்தில் பி.எஃப். எவ்வளவு பிடித்தார்கள் என்று நம்மைக் கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வோம். அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு? திருதிருவென்று முழிப்போம்!

என் அப்பாவுக்கு வயது 70. "கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுடா, நெஞ்சு வேற படபடங்குது" என்றார். "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று தைலம் தேய்த்தாள் அம்மா. டாக்டரோ முதலில் மாத்திரைச் சீட்டைத்தான் கேட்டார். கால் வீக்கத்துக்கு அப்பா சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிடுமாம். ரத்தப் பரிசோதனையில் 2.9! "3.5-லிருந்து 5 வரை இருக்கணும் சார். ரொம்ப இறங்கினா இதயம் தாளம் தப்பிடும்" என்றார்.

இதயம் மின்சாரத்தில் ஓடும் பம்பு. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய உப்புகள்தான் அதற்குக் கரன்ட் சப்ளை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளிதான். அது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

விஷயம் தெரிந்ததும் மாடி வீட்டு மாமா, "இவ்வளவுதானே! தினம் ரெண்டு இளநீர் கொடு" என்றார். டாக்டர் தலையிலடித்துக் கொள்ளாத குறை! ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பி.பி. மாத்திரைகளும், ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. வயதாக ஆக கிட்னியின் வேகமும் குறையும். அப்படிப்பட்டவருக்கு இளநீரை இஷ்டத்துக்கு ஊற்றினால் பொட்டாசியம் எகிறி, சொல்லாமல் கொள்ளாமல் இதயமே நின்றுவிடலாம்.

'சோடியம் குறைந்த உப்பு' கதையும் இதேதான். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. இந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாம். சபாஷ்! ஆனால், கடுமையான கிட்னிக் கோளாறு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பலருக்கு மருந்தாவது சிலருக்கு விஷம்.

நாம் செய்யவேண்டியது ரொம்ப சிம்பிள். அப்பாவின் மாத்திரைப் பெயர்களை எழுதி பர்ஸில் வையுங்கள். 'எலக்ட்ரோலைட்', 'கிரியேட்டினின்' டெஸ்ட் எப்போது எடுக்கணும் என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் கூடுதல் உஷார். இளநீரோ, புது உப்போ, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மாடி வீட்டு மாமாவுக்கு? ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்!