பட்டரை நம்பிய பெண்

2016 நவம்பர் 13. குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்தில் பெண்கள் இந்தியன் ஓப்பனின் கடைசி நாள். 18 வயது அதிதி அசோக் கடைசிக் குழிக்கு வந்துவிட்டார். பட்டத்துக்குப் போட்டியிட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிரிட்டனி லின்சிகோம். அதற்குள் இரண்டு மேஜர் பட்டங்களை வென்றிருந்தவர், பெண்கள் கோல்ஃபில் பந்தை மிகத் தொலைவுக்கு அடிப்பவர்களில் ஒருவர். 18-ஆவது குழி ஐந்து அடிகளில் முடிக்க வேண்டியது. அதிதி நான்கில் முடித்தார். மூன்று நாளில் மொத்தம் 213 அடிகள். லின்சிகோமும் ஸ்பெயினின் பெலன் மோசோவும் ஒரே ஓர் அடியில் பின்தங்கினார்கள். பெண்களின் ஐரோப்பியச் சுற்றான லேடீஸ் யூரோப்பியன் டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அன்றைக்கு அதிதிக்குக் கிடைத்தது. இரண்டே வாரத்தில் தோஹாவில் கத்தார் ஓப்பனையும் வென்றார்.

பெங்களூர்ப் பெண். பெற்றோர் இருவருமே கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை. கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலை ஒட்டிய உணவகத்துக்குக் காலைச் சிற்றுண்டிக்காகக் குடும்பத்தோடு போய்வந்ததில்தான் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆட்டம் பிடித்துப்போனது. மகளோடு சேர்ந்து அப்பாவும் அம்மாவும் கற்றுக்கொண்டார்கள். 13 வயதில், இன்னும் அமெச்சூராக இருந்தபோதே, உள்நாட்டுத் தொழில்முறைச் சுற்றில் பெரியவர்களை முந்தி ஒரு போட்டியை வென்றார்.

அவருடைய பலம் பட்டிங். அதாவது, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில் பட்டர் என்ற மட்டையால் பந்தை உருட்டிக் குழிக்குள் அனுப்பும் வேலை. தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கும்போது நம் கண் ஆகாயத்தில் பறக்கும் பந்தின் பின்னாலேயே போகிறது. கணக்கு வேறு மாதிரி. 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், சரிபாதி, பட்டிங்குக்கென்றே வைக்கப்பட்டவை. 250 கஜம் பறந்தாலும் ஓர் அடிதான், இரண்டடி தூரம் உருண்டாலும் ஓர் அடிதான். அதிதி நீளமாக அடிப்பவர் அல்ல. பந்து நின்ற இடத்திலிருந்து அடிகளை மிச்சம் பிடிப்பவர். உடல் வலுவே எல்லாம் என்று ஆகிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், பதின்வயதில் ஒருவர் தன் கையிருப்பை இவ்வளவு சரியாக எடைபோட்டது சாதாரண விஷயம் இல்லை. அவருடைய மற்ற சாதனைகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

தொழில்முறை கோல்ஃபுக்குள் நுழைவது எளிதல்ல. மாதச் சம்பளம் கிடையாது. விமானம், தங்குமிடம், பையைச் சுமக்கும் கேடிக்குக் கூலி எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசு. பாதிப் போட்டியில் பலரைக் கழித்துவிடும் வெட்டுக்கோட்டைத் தாண்டாவிட்டால் அந்த வாரம் பெரும்பாலும் வெறுங்கைதான். தொழில்முறைச் சுற்றுக்குள் நுழையவே ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. 2015 டிசம்பரில், மொராக்கோவில் நடந்த ஐரோப்பியச் சுற்றின் தேர்வில் 17 வயது அதிதி முதலிடம் பிடித்தார். அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் அதை வென்றதில்லை. இந்தியர் எவரும் வென்றதில்லை.

அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அது முடிந்த சில மாதங்களில் ரியோ ஒலிம்பிக். 1900-க்குப் பிறகு முதல்முறையாகப் பெண்கள் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியிருந்தது. களத்தில் இருந்த 60 பேரில் அதிதிதான் இளையவர். கேடியாக அப்பா. முதல் இரண்டு நாளும் 68, 68 என்று ஆடி முதல் பத்துக்குள் இருந்தார். மூன்றாம் நாள் 79, நான்காம் நாள் 76. முடிவில் 41-ஆவது இடம். அந்த 79-ஐ நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் குருகிராமின் அந்தக் கடைசிக் குழி.

அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் ஐரோப்பியச் சுற்றில் அவருக்கே வந்தது. டிசம்பரில் அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றுக்கான தேர்விலும் ஆடி, 2017-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். கொல்கத்தாவின் ஸ்மிருதி மெஹ்ரா முன்பே நடந்த பாதை அது. ஆனால் இடையில் பல ஆண்டுகள் இந்தியப் பெயர் இல்லாமல் கிடந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் நாடே அவரை அறிந்தது. 2021 ஆகஸ்டில், உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்தவர், மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது தனியாக இரண்டாவது இடத்தில் நின்றார். சில மாதங்களுக்கு முன் கொரோனா வந்து உடல் வலு குறைந்திருந்தது. அடிக்கும் தூரத்தில் களத்திலேயே கடைசி வரிசை. இந்தமுறை பையைச் சுமந்தவர் அம்மா. விடியற்காலையில் எழுந்து, பர்டி என்றால் என்ன, போகி என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கேட்டு எத்தனை பேர் பார்த்தோம்! 67, 66, 68, 68. வெண்கலம் ஓர் அடியில் தவறியது. கடைசிக் குழியில் அவர் உருட்டிய பந்து உள்ளே போயிருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் அவரும் இருந்திருப்பார். நான்காவது இடத்துக்கு மேடை கிடையாது. அன்று மாலையே ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்றுவிட்டார்.

அதன் பிறகும் அவர் வாராவாரம் ஆடிக்கொண்டேதான் இருந்தார். 2023 பிப்ரவரியில் கென்யா ஓப்பனை ஒன்பது அடி வித்தியாசத்தில் வென்றார். 2017-இல் அபுதாபியில் கிடைத்த மூன்றாவது பட்டத்துக்குப் பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த ஐரோப்பியச் சுற்றுப் பட்டம் அது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளி. 2024-இல் பாரிஸுக்குப் போனபோது அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக். வயது 26.