உணர்விழந்த பாதத்திற்கு ஒரு மெத்தை உறை

பத்தாம் வகுப்பு மாணவி

பட்டு நெய்யும் கையைப் பாராட்டாதவர் யாருமில்லை. ஆரணிச் சேலையை விரித்துப் பார்ப்பவர் கரையையும் புட்டாவையும் கண்டு, "என்ன கைத்திறன்!" என்று வியக்கின்றனர். ஆனால் குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் மிதிகளை மாறி மாறி மிதித்தால்தான் பாவு இரண்டாகப் பிரியும். பிரிந்த பின்புதான் நாடா ஓடும். கைக்கு ஈடாகக் காலும் உழைக்கிறது. எனினும் அந்தக் காலை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. முள் குத்தினால் மட்டும் நினைக்கிறோம். முள் குத்தியதே தெரியாமல் போய்விட்டால்? அந்த நிலையில் உள்ளவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றார்கள். அவர்களுடைய பாதங்களைக் காக்கும் மெத்தைக் காலுறையைப் பற்றியும், அந்த அறிவு நமக்கு மிக அருகிலேயே பிறந்த வரலாற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

நோயே அணிவிக்கும் காலுறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டில் வெளியானது. நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கூறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுதியாகவே இருந்தால் நரம்புகளும், அவற்றிற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்திற்குச் செல்பவை. எனவே கேடு முதலில் விரல் நுனிகளில் தொடங்கி, மெல்ல மேலேறிக் கணுக்காலைத் தாண்டுகிறது. ஒரு காலுறை மறைக்கும் இடம் எதுவோ, ஏறத்தாழ அந்த இடமே மரத்துப் போகிறது. மருத்துவர்களும் இதனைக் காலுறை வடிவ உணர்விழப்பு என்றே அழைக்கின்றனர். நாம் விரும்பி அணியாத ஒரு காலுறையை நோயே நமக்கு அணிவித்துவிடுகிறது!

உணர்வு நரம்புகளோடு மற்ற நரம்புகளும் கெடுகின்றன. வியர்வை சுரப்பது குறைவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் வளைந்து, முன்பாதத்தின் எலும்பு முனைகள் கீழ்நோக்கித் துருத்துகின்றன. உடலின் பாரமெல்லாம் அந்த முனைகளின் மேல் விழுகிறது. அங்கே காய்ப்பு ஏற்படுகிறது. காய்ப்பின் அடியில் புண் உண்டாகிறது. வலி இல்லாததால் மனிதர் அதன் மேலேயே நடக்கிறார். "வலிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இந்த நோயில் வலிக்காததுதான் ஆபத்தின் அடையாளம்.

வேலூர் தந்த பாடம்

ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ஆம் ஆண்டில் டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த அவரது பிறப்பிடம் நம் கொல்லிமலையே. அக்காலத்தில் தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பினர். பிராண்டும் அவருடைய தோழர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். சூடான பாத்திரம், செருப்பின் ஆணி, நெடுந்தூர நடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தொழுநோய் நரம்பைக் கெடுத்து உணர்வைப் பறிக்கிறது. உணர்வற்ற உறுப்பை மனிதர் அறியாமலேயே காயப்படுத்திக் கொள்கிறார் என்பது தெளிவாயிற்று. அப்படியானால் காயத்தைத் தடுத்தால் பாதத்தைக் காக்கலாம் அல்லவா?

ஒருமுறை பயணம் முடித்து இலண்டனில் தங்கியிருந்த பிராண்ட், இரவில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வே இல்லாததைக் கண்டு திடுக்கிட்டார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி அன்றிரவு முழுவதும் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்திக்கொண்டார், சுரீரென்று வலித்தது! இரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. வலியை அவர் கடவுளின் கொடை என்று வாழ்நாளெல்லாம் போற்றினார். 1993-இல் வலியைப் பற்றியே ஒரு நூலும் வெளியிட்டார்.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. வேலூரிலும் கரிகிரியிலும் உணர்வற்ற பாதத்திற்கேற்ற செருப்புக்காக மரம், மெழுகு, பிளாஸ்டிக் எனப் பல பொருள்களை முயன்று பார்த்தனர். இறுதியில் நுண்ணறை ரப்பர் கைகொடுத்தது. எண்ணற்ற சிறு காற்றறைகள் கொண்ட இந்த ரப்பர் விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். காலுக்கு மெத்தென்ற இந்த ரப்பரும், முள் ஏறாதபடி அதன் அடியில் கடினமான ரப்பரும் வைத்து, ஆணியே அடிக்காமல் செருப்பு செய்தனர். பார்ப்பதற்கு எளிய செருப்பு. ஆனால் அதனால் எத்தனையோ பேர் தம் கால்களை இழக்காமல் நடமாடினர்.

மெத்தை எவ்வாறு காக்கிறது?

இதனை நம் பௌதிகப் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 50 கிலோ எடையுள்ள ஓர் அம்மையார் ஒற்றைக் காலை ஊன்றும் கணத்தில் அவ்வளவு பாரமும் அந்த ஒரு பாதத்தின் மேல் நிற்கிறது. அது 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோதான். எலும்பு துருத்திய 10 சதுர சென்டிமீட்டரில் மட்டும் விழுந்தால் 5 கிலோ! பாரம் கூடவில்லை, பரப்பு குறைந்ததால் அழுத்தம் பத்து மடங்கு ஆயிற்று. மெத்தை செய்யும் வேலை, பாரத்தை அக்கம்பக்கத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே.

பாதத்திற்குக் கேடு மூன்று வழிகளில் வருகிறது என்று பிராண்ட் கற்பித்தார். முதலாவது, முள்ளும் ஆணியும் போல ஒரே குத்தில் வருவது. இரண்டாவது, இறுக்கமான காலணி பல மணி நேரம் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது. மூன்றாவதுதான் யாரும் கவனியாதது: மிதமான அழுத்தமே ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் விழுவது. ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும் பாவு இழை எப்படி நைந்து அறுந்து போகிறதோ, அப்படியே தோலும் போகிறது. நமக்கு உணர்வு இருப்பதால், கால் நோகத் தொடங்கியதும் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்வற்றவர் மாற்றிக்கொள்வதில்லை.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். எந்த இடத்தில் அழுத்தம் மிகுதி என்று கண்டறிய அவரும் கூட்டாளிகளும் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று ஒரு காலுறையே! சாயம் அடங்கிய மிக நுண்ணிய உறைகள் அதில் பதிக்கப்பட்டிருந்தன. அதை அணிந்து நடந்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் உறைகள் உடைந்து நிறம் அடர்ந்து தெரியும். நோயாளியால் உணர முடியாததை அந்தக் காலுறை கண்ணுக்குக் காட்டியது. தொழுநோயாளரிடம் கற்ற இப்பாடங்கள் சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்தும் என்று அவர் அங்கே எடுத்துக் காட்டினார். பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையும் நம் பக்கத்திலிருந்து சென்றதே. 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் அதனைக் கையாண்டார்.

நல்ல காலுறையின் இலக்கணம்

இனி நம் விஷயத்திற்கு வருவோம். மெத்தைக் காலுறையைத் தடித்த நூலால் பின்னிவிட்டால் மட்டும் போதாது. துருக்கித் துண்டில் சிறு சிறு வளையங்கள் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற நூல் வளையங்களைக் காலுறையின் உட்புறத்தில் குதிகாலிலும் முன்பாதத்திலும் அடர்த்தியாகப் பின்னுகிறார்கள். மேற்பாதத்தில் மெல்லிய பின்னலே போதும். அங்கும் தடித்தால் காலணி இறுகிவிடும்.

விரல் பக்கத்துத் தையல் துருத்தக் கூடாது. நமக்கு உறுத்தலாக மட்டும் தோன்றும் தையல், உணர்வற்ற விரலில் புண்ணையே உண்டாக்கும். தையலற்ற காலுறை கிடைக்காவிட்டால் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி அணியலாம். மேல் விளிம்பின் எலாஸ்டிக் காலில் தடம் பதியும்படி இறுக்கக் கூடாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். ஆனால் நனைந்தபின் அமுங்கி, மெத்தைத் தன்மையை இழந்துவிடும். ஆகையால் ஈரத்தை வெளியே கடத்தும் அக்ரிலிக் முதலிய இழைகளையும் சேர்த்துப் பின்னுகின்றனர். "பட்டில் செய்தால் என்ன?" என்று ஆரணியில் கேட்காமல் இருப்பார்களா? பட்டு வழுவழுப்பானது, உராய்வைக் குறைக்கும். ஆனால் தனியே மெத்தையாகாது.

நிறம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருப்பது நல்லது. அழுக்குத் தெரியுமே என்று வீட்டில் சொல்வார்கள். தெரிய வேண்டும் என்பதற்காகவேதான்! இரத்தமோ சீழோ ஒரு துளி கசிந்தாலும் வெள்ளைக் காலுறை உடனே சொல்லிவிடும். நாள்தோறும் துவைத்த காலுறையை மாற்ற வேண்டும். கிழிந்ததைத் தைத்து அணியக் கூடாது. அந்த ஒட்டுத் தையலே எதிரியாகிவிடும்.

இத்தகைய காலுறையால் பயன் உண்டா என்று 1989-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர்கள் அளந்து பார்த்தனர். உணர்விழந்த சர்க்கரை நோயாளரின் பாதத்தில் விழும் உச்ச அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. மாதக்கணக்கில் அணிந்த பின் பயன் சற்றுத் தேய்ந்தாலும் முற்றிலும் மறையவில்லை. எனவே மெத்தை அமுங்கிய காலுறையை மாற்றிவிட வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. இன்று வெப்ப உணரிகளை இழைக்குள்ளேயே வைத்துப் பின்னிய காலுறைகள் அமெரிக்காவில் வந்துள்ளன. ஒரு பாதத்தின் ஓரிடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் மிகுதியாகச் சுட்டால் அது புண்ணின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதே அவற்றின் அடிப்படை.

நம் ஊருக்கு எது ஏற்றது?

நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் காலுறையும் பூட்ஸும் அணிய எத்தனை பேரால் இயலும்? செருப்பு அணிபவருக்கு மெத்தை செருப்பிலேயே இருக்க வேண்டும். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் நிறுவிய மருத்துவமனையின் மருத்துவர்களும் பிறரும் 241 நோயாளரிடம் செய்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. மெத்தை வைத்த தகுந்த செருப்பணிந்தோரில் நூற்றுக்கு நால்வர் அளவுக்கே புதிய புண் வந்தது. தம் வழக்கமான செருப்பையே அணிந்தோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வந்தது. வேலூரின் நுண்ணறை ரப்பரும் அந்த மெத்தைகளுள் ஒன்று.

ஆகவே வெளியே செல்லும்போது பின்வார் உள்ள மெத்தைச் செருப்பு. வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது, அங்கே மெத்தைக் காலுறையோ மெத்தென்ற செருப்போ வேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் சுமார் 14 கிலோமீட்டர். உணர்விழந்தவர் அதனை வெறுங்காலோடு வெயிலில் சுற்றினால் தார்ச்சாலை சுடுவதே தெரியாது. முதலில் மருத்துவரைக் கேட்பது நலம். காலுறைக்காக வாங்கும் காலணி, காலுறை அணிந்த காலுக்கே பொருந்த வேண்டும். ஏற்கெனவே இறுக்கமான காலணிக்குள் தடித்த காலுறையைத் திணித்தால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். புண் வந்த பின் எந்தக் காலுறையும் மருந்தாகாது. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

அன்புத் தோழியரே! விலையுயர்ந்த காலுறை எல்லாருக்கும் கிடைக்காமல் போகலாம். ஆனால் நம் கண்ணும் கையும் இலவசமாகவே கிடைத்தவை. மூப்பினால் குனிய இயலாமலும், கண் மங்கியும் போன பாட்டியால் தம் உள்ளங்காலைத் தாமே பார்க்க முடியுமா? இரவுச் சாப்பாட்டிற்குப் பின் நாம் பார்க்கலாமே. விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்போம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, காய்ப்பு உண்டா? புறங்கையை வைத்து இரு பாதங்களையும் ஒப்பிட்டு, ஓரிடம் மட்டும் சுடுகிறதா என்று அறிவோம். காலையில் அவர்கள் செருப்பைக் காலில் மாட்டுமுன் அதனுள் கல்லோ ஊசியோ கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். குளிக்கும் வெந்நீரின் சூட்டை அவர்கள் காலால் பார்க்கவிடாமல் நாமே முழங்கையால் பார்த்துத் தருவோம். ஐந்து நிமிடம் ஆகாத வேலை இது.

"எங்கள் காலைப் பிள்ளைகள் தொடுவதா?" என்று பெரியவர்கள் கூச்சப்படலாம். காலைத் தொட்டு வணங்கி ஆசி பெறுகிறவர்கள்தாமே நாம்! வணங்கும்போது ஒரு கணம் உற்றும் பார்ப்போம். தறிமிதியை மிதித்தும், நெல் களத்தில் நின்றும் நம்மைப் படிக்க வைக்கும் கால்கள் அவை. அவற்றிற்கு வலி சொல்லாததை நம் கண்கள் சொல்லட்டும்.