14 மணி நேரம் 18 நிமிடமான கதை!

டிவியில் காட்டு விலங்குகள் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம். கேமராமேனைப் பாராட்டுகிறோம். சிங்கத்தின் உறுமலைப் பதிவு செய்தவரை யாரும் நினைப்பதில்லை. அப்படிப் பின்னணியில் இருந்த ஒருவர், ஒலியையே கலையாக்கினார். அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் வாட்சன்.

சிறுவயதில் பெற்றோர் கொடுத்த டேப் ரெக்கார்டரை, பறவைகளுக்கு இரை வைக்கும் இடத்தில் வைத்துப் பதிவு செய்தார். இளைஞரானதும் 'கேபரே வோல்டேர்' என்ற இசைக்குழுவில் இருந்தார். 1981-ல் அதைவிட்டு டிவி நிறுவனம் ஒன்றில் ஒலிப்பதிவாளரானார். பிறகு டேவிட் அட்டன்பரோவின் பிபிசி தொடர்களுக்கும் ஒலிப்பதிவு செய்தார்.

2003-ல் 'வெதர் ரிப்போர்ட்' ஆல்பம் வெளிவந்தது. அதன் முதல் பகுதி, கென்யாவின் மசாய் மாரா காட்டில் காலை 5 முதல் இரவு 7 மணி வரையிலான ஒருநாள். கேட்கும் நேரமோ 18 நிமிடம்தான்!

வேகமாக ஓட்டியிருப்பாரோ? இல்லை. சுமார் 47 மடங்கு வேகத்தில் ஓட்டினால் பறவைக் குரல் நம் காதுக்கே எட்டாது. தேவையான பகுதிகளை வெட்டி, ஒன்று மெல்லத் தேயும்போதே அடுத்தது மெல்ல எழும்படி இணைத்தார். இதற்கு 'கிராஸ் ஃபேட்' என்று பெயர்.

மற்ற கலைஞர்களுடனும் அவர் இணைந்தார். 2019-ல் வெளியான 'செர்னோபில்' தொடருக்காக, இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னாடோட்டிருடன் லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னலினா அணுமின் நிலையத்துக்குச் சென்றார். அங்குள்ள இயந்திரங்களின் ஒலியையும், அறைகளின் எதிரொலித் தன்மையையும் பதிவு செய்தனர். அந்த எதிரொலியைக் கம்ப்யூட்டரில் ஒரு குரலுடன் சேர்த்தால், அங்கேயே நின்று பாடியதுபோல் கேட்கும். அந்த இசை எம்மி விருது பெற்றது.

நீங்களும் செய்யலாம்

'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். காலையில் வீட்டில் கேட்கும் ஒலிகளைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பகுதிகளைத் தனித்தனி டிராக்கில், சில விநாடிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வையுங்கள். எஃபெக்ட் மெனுவில் முதல் பகுதியின் முடிவுக்கு 'ஃபேட் அவுட்', அடுத்ததன் தொடக்கத்துக்கு 'ஃபேட் இன்' கொடுங்கள்.

முக்கியமான ஒன்று: மூலப் பதிவை வேவ் ஃபைலாகவே வைத்திருங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். எம்பி3 ஆக்கினால் இடம் மிச்சம். ஆனால் அதில் விட்டுப்போன ஒலி திரும்ப வராது. வாட்சன் பிபிசிக்காகப் பதிவு செய்த மெக்சிகோ ரயில் பயணம் பின்னாளில் நின்றே போனது. அந்தப் பதிவுகள் கையில் இருந்ததால்தான் 2011-ல் 'எல் ட்ரென் ஃபேன்டாஸ்மா' ஆல்பம் உருவானது.

உங்கள் பாட்டி பேசும் குரல் உங்களிடம் பதிவாகி இருக்கிறதா? இன்றே ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்!