எஸ்தோனியாவின் கடற்படை



கடற்படை என்றதும் விமானந்தாங்கிக் கப்பல்களும் பெரும் பீரங்கிகளுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஏறத்தாழ 13 இலட்சம் மக்களே வாழும் ஒரு நாட்டுக்குக் கடற்படை எதற்கு என்ற ஐயம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. அதனைப் போக்கியது எஸ்தோனியாவின் வரலாறு.

பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் அமைந்த அந்நாடு 2,000-க்கு மேற்பட்ட தீவுகளை உடையது. ருஷ்யப் பேரரசின் பகுதியாயிருந்த அது, 1918 பிப்ரவரி 24 அன்று தன் விடுதலையை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் போல்ஷ்விக் படைகள் கிழக்கே படையெடுத்தன. அந்நெருக்கடியில், நவம்பர் 21 அன்று, கடற்படை பிறந்தது. அதன் முதல் தலைவர் யோஹான் பிட்கா வணிகக் கப்பல்களில் பயின்றவர். அவருக்குக் கிடைத்த முதற்போர்க்கப்பலோ ஒரு பழைய ருஷ்யப் பீரங்கிப் படகு!

டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ் கப்பல்கள் தலைநகராம் தாலினுக்கு அருகே இரண்டு போல்ஷ்விக் நாசகாரிக் கப்பல்களைக் கைப்பற்றி எஸ்தோனியாவுக்கு அளித்தன. அடுத்த மாதமே, எஸ்தோனியக் கப்பல்கள் பகைவரின் முதுகுப்புறத்தில், ஊத்ரியா கடற்கரையில், வீரர்களை இறக்கின. நார்வா நகரம் மீண்டது. 1920 பிப்ரவரி 2 அன்று தார்த்து நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

எனினும் கப்பலைப் பெறுவதினும் பேணுவது கடினம். 1933-இல் அவ்விரு நாசகாரிகளும் பெரு நாட்டுக்கு விற்கப்பட்டன. அத்தொகையோடு பொதுமக்கள் மனமுவந்து ஈந்த நன்கொடையும் சேர்ந்தது. அதனைக் கொண்டு பிரிட்டனில் ‘கலேவ்’, ‘லெம்பித்’ என்னும் இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டப்பட்டு, 1936-இல் நீரில் இறக்கப்பட்டன. நீர்மூழ்கியை ஏன் தேர்ந்தனர்? வளைகுடாவோ குறுகியது, அதில் மறைவாகக் கண்ணிவெடிகளை இட்டுச் செல்லும் ஒரு சிறு கப்பல், பெருங்கடற்படையையும் தயங்கி நிற்கச் செய்யும். இவை ஒவ்வொன்றும் 20 கண்ணிவெடிகளைச் சுமக்க வல்லவை.

ஆனால் நேர்ந்தது என்ன? 1940-இல் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியாவை ஆக்கிரமித்தது. மக்கள் காசு சேர்த்து வாங்கிய கப்பல்கள், தம் நாட்டுக்காக ஒருமுறையும் போரிடாமல், வேற்றுக் கொடியின் கீழ்ச் சென்றன. கலேவ் 1941-இல் கடலுக்குச் சென்று மீளவேயில்லை. எஞ்சிய லெம்பித்தோ இன்று தாலின் நகர்க் கடற்பொருட்காட்சிச் சாலையில் நிற்கிறது. துணையற்ற நாட்டுக்கு நல்ல கப்பலும் அரணாவதில்லை என்பதற்கு அதுவே சான்று என நான் கருதுகிறேன்.

1991-இல் நாடு மீண்டும் விடுதலை பெற்றது. 1993-இல் கடற்படை புத்துயிர் பெற்றது. 2004-இல் அந்நாடு நேட்டோ அமைப்பில் சேர்ந்தது. இம்முறை கடற்படை தனக்கென ஒரு பணியைத் தேர்ந்துகொண்டது. இரு உலகப் போர்களிலும் பால்டிக் கடலில் இடப்பட்ட கண்ணிவெடிகள் பல்லாயிரம். அவற்றுள் பல இன்றும் கடலடியில் கிடக்கின்றன. அவற்றைத் தேடி அழிப்பதே அப்பணி. இதற்கென 2007 முதல் 2009 வரை மூன்று கப்பல்கள் பிரிட்டனிலிருந்து வாங்கப்பட்டன. இவற்றின் உடல் எஃகால் ஆனதன்று. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. எஃகின் காந்த ஆற்றலை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகள் உண்டு. இவ்வுடலோ அவற்றை எளிதில் தூண்டாது. ஒலியலைகளால் கண்ணியைக் கண்டறிந்தபின், தொலைவிலிருந்து இயக்கும் சிறு கருவியை அனுப்பி அதனைத் தகர்க்கின்றனர். இம்மூன்றனுள் ஒன்றின் பெயர் ‘அட்மிரல் கோவன்’. 1919-இல் பால்டிக் கடலில் துணைநின்ற பிரிட்டிஷ் தளபதியின் பெயர் அது. நன்றி மறவாமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2023-இல் காவல்துறையின் கடற்கலங்களும் இப்படையோடு இணைந்தன.

மாணவர்களே, கடற்படையின் பெருமையைக் கப்பல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்காதீர்கள். தன் கடலை அறிந்து, தன்னால் இயன்ற தொழிலைத் தேர்ந்து, அதைச் செவ்வனே செய்யும் படை சிறியதாயினும் பயனுடையது. மீனவரும் வணிகரும் அச்சமின்றிக் கடலிற் செல்ல வழிசெய்வதினும் உயர்ந்த வெற்றி எது?