ஸ்டேஷன் மேசையில் முதல் அரைமணி நேரம்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் போலீஸ் வேலை என்றால் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதுதான். தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடை வரிசை, சிக்க கடியார மணிக்கூண்டு, அரஸ் ரோட்டின் துணிக்கடைகள், தசராவில் சயாஜி ராவ் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் ஜம்பூ சவாரி ஊர்வலம். பிக்பாக்கெட், தொலைந்த செல்போன், பார்க்கிங் தகராறு இவற்றைப் பற்றி இங்குள்ள ஏட்டுகளுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் ஒரு தாய் தன் பதினான்கு வயது மகளோடு ஸ்டேஷனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் தொலையவில்லை, மகளின் கையிலேயே இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் அவளிடமிருந்து ஒரு படத்தை வாங்கிவிட்டான். இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் ஸ்கூல் குரூப்பில் போடுவேன் என்கிறான். மேசையில் இருப்பவர் முதலில் என்ன கேட்கிறார், அந்தப் போனை என்ன செய்கிறார் என்பதில் வழக்கின் பாதி முடிவாகிவிடும். "ஏம்மா அனுப்பினே?" என்று கேட்டால் அந்தப் பெண் அதற்குமேல் வாய் திறக்கமாட்டாள். "அதை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு, பார்க்கிறேன்" என்றால் யாரிடமும் போகக்கூடாத ஒரு படத்துக்கு இன்னொரு நகலைப் போலீஸே உண்டாக்கியதாகிவிடும்.

இரண்டும் கெட்ட எண்ணத்தில் நடப்பவை அல்ல. சொல்லித்தராததால் நடப்பவை. சொல்லித்தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 43-ஆம் பிரிவில், காவலர்கள் உட்பட இச்சட்டத்தைக் கையாளும் எல்லோருக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் பயிற்சி தருவதை மத்திய, மாநில அரசுகளின் கடமையாக்கியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நல காவல் அலுவலராக இருக்க வேண்டும். அவருக்குத் தகுந்த பயிற்சியும் மனப்பாங்கும் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. மனப்பாங்கு என்ற சொல் ஒரு சட்டப் பிரிவுக்குள் இடம்பிடித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கர்நாடகத்தில் பயிற்சிக்கான இடங்களுக்குப் பஞ்சமில்லை. புதிதாகத் தேர்வாகும் சப்-இன்ஸ்பெக்டர்களை உருவாக்கும் கர்நாடகக் காவல் பயிற்சிக் கழகம் மைசூரிலேயே இருக்கிறது. பெங்களூரு சிஐடி தலைமையகத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை, டேட்டா செக்யூரிட்டி கவுன்சில் ஆகியவற்றின் துணையோடு 2019-ல் சைபர் குற்றப் புலனாய்வுப் பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கேள்வி, அங்கே கற்றுத்தருவது மார்க்கெட் பக்கத்து ஸ்டேஷன் ரைட்டர் வரை வந்து சேர்கிறதா என்பதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்குகளை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறைந்தவர் விசாரிக்கக்கூடாது என்கிறது அச்சட்டத்தின் 78-ஆம் பிரிவு. ஆனால் பிள்ளை முதலில் பார்ப்பது இன்ஸ்பெக்டரை அல்லவே.

பயிற்சியில் என்னதான் இருக்கிறது? வழக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பல வழக்குகளில் புகார் கொடுப்பவர் என்று ஒருவர் இருப்பதே இல்லை. ஒரு குழந்தையின் பாலியல் படத்தை ஒருவர் இணையத்தில் ஏற்றும்போது, ஏற்கெனவே அறியப்பட்ட படங்களின் எண்-கைரேகையோடு அது ஒத்துப்போகிறதா என்று அந்த நிறுவனத்தின் கணினி பார்க்கிறது. 2009-ல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ இதற்கான புகழ்பெற்ற கருவி. ஒத்துப்போனால் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்புக்குத் தகவல் போகிறது. 2019-ல் அந்த அமைப்போடு நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியா தொடர்பான தகவல்கள் டெல்லிக்கும் அங்கிருந்து மாநிலங்களுக்கும் வருகின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைதானபோதுதான் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் பரவலாகத் தெரியவந்தது.

வந்து சேரும் தாளில் ஒரு ஐ.பி. முகவரியும் ஒரு நேரமும் இருக்கும். அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மார்ச் 3, மாலை 6.45 என்று தாளில் இருந்தால், நம் கடிகாரத்தில் அது மார்ச் 4, நள்ளிரவு 12.15. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் தேதியே மாறிவிடும். அதோடு முடியவில்லை. செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே சமயத்தில் ஏராளமான போன்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. முகவரியோடு போர்ட் எண்ணும் நொடி வரையிலான நேரமும் இல்லாமல் கேட்டால் நீளமான ஒரு பெயர்ப் பட்டியல்தான் பதிலாக வரும். அதை வைத்துக்கொண்டு போலீஸ் தட்டும் கதவு, எதுவுமே செய்யாத ஒருவரின் வீடாக இருக்கலாம். இந்தக் குற்றச்சாட்டோடு தெருவில் ஒருமுறை பெயர் கெட்டால் அது மீளாது. எனவே ஐந்தரை மணி நேரக் கூட்டல் கணக்கை மிக முக்கியமான பாடம் என்பேன்.

மிரட்டலுக்கு ஆளான பிள்ளையின் போனுக்கும் தனி ஒழுங்கு இருக்கிறது. மிரட்டுபவனின் பெயர் போதாது, அது ஒரே தட்டலில் மாறிவிடும். கணக்கின் முழு இணைப்பு முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பயந்துபோன பெற்றோர் உரையாடலை அழித்துவிடாமலும் அவனை உடனே பிளாக் செய்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குற்றவாளியின் போனைக் கைப்பற்றினால், தொலைவிலிருந்து யாரும் அதை அழித்துவிடாதபடி நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஹாஷ் மதிப்பு குறித்த சான்றிதழும் வைக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்த படம் சுருங்கும்போது அந்தக் கைரேகை மாறிப்போகும்.

சொற்களுக்கும் பயிற்சி வேண்டும். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்தது. இத்தகைய படங்களைத் தெரிந்தே வைத்திருப்பதும் அழிக்காமலோ புகார் செய்யாமலோ இருப்பதும் எப்போது குற்றமாகும் என்பதைத் தெளிவாக்கிய அந்தத் தீர்ப்பு, இவற்றை ஆபாசப் படம் என்ற பொருளில் அழைக்க வேண்டாம், குழந்தை பாலியல் சுரண்டல் மற்றும் துன்புறுத்தல் பதிவு என்றே சொல்லுங்கள் என்றது. ஆபாசப் படம் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதினால் குழந்தையும் அதில் ஒரு கூட்டாளி என்ற நிழல் விழுகிறது. புதிய சொல்லில், நடந்தது கொடுமை என்பது தெரிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் பார்த்தே ஆகவேண்டிய காவலரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் அதே வயதில் பிள்ளை இருப்பவருக்கு இது சாதாரண வேலை அல்ல. அனுபவப்பட்ட நாடுகளில் ஒலியை அணைத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறிய அளவில், குறைந்த நேரமே பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். 2003 ஜனவரியில் டொரண்டோவின் துப்பறிவாளர் பால் கில்லெஸ்பி, தன் பிரிவு திணறுகிறது என்று பில் கேட்ஸுக்கே மின்னஞ்சல் எழுதினார். அதிலிருந்து பிறந்த மென்பொருள் 2005-ல் கனடாவில் பயன்பாட்டுக்கு வந்தது. தன்னால் முடியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் சொன்னதால் நடந்த காரியம் அது. நம் ஊர்க் காவலரும் அப்படிச் சொல்ல இடம் வேண்டும், மனநல ஆலோசனை அவருக்கும் வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வரத் தயங்கும் குடும்பங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். என்சிஎம்இசியின் 'டேக் இட் டவுன்' சேவையில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பிள்ளையின் போனிலேயே அதன் ஹாஷ் கணக்கிடப்பட்டு, அந்த எண் மட்டுமே போகும்.

புகார் பதிவான பிறகும் தாயும் மகளும் ஸ்டேஷனிலேயே காத்திருக்க வேண்டியதில்லை. போக்சோ 24-ஆம் பிரிவுப்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகள் நலக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தேவராஜ மொஹல்லா போன்ற இடத்தில் அந்த வீட்டுப் பேச்சு கன்னடமாக இருக்கலாம், உருதுவாகவோ தமிழாகவோ இருக்கலாம். அதிகாரிக்கு அந்த மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொள்ள 26-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பெண் தன் மொழியிலேயே சொல்ல விரும்பினால், கன்னடத்திலேயே சொல் என்று யாரும் அவளை வற்புறுத்தத் தேவையில்லை.