தலைக்குத் தேய்க்கும் காட்டு இஞ்சி!
அழுகல் நோய்க்கு அஞ்சாத அதிசயக் கிழங்கு

இஞ்சி என்றால் காரம். டீயில் தட்டிப் போடுவார்கள். துவையல் அரைப்பார்கள். காய்ந்தால் அதுவே சுக்கு.

இந்த இஞ்சிக்குக் காட்டிலே ஓர் உறவு உண்டு. அதன் கிழங்கைக் கடித்தால் கசக்கும். ஆனால் அதன் பூங்கொத்தைப் பிழிந்தால் வழவழவென்று சாறு வரும். வாசனையாகவும் இருக்கும். அந்தச் சாற்றைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பவர்கள் இருக்கிறார்கள்!

அதுதான் காட்டு இஞ்சி. விஞ்ஞானிகள் அதைச் "சிஞ்சிபர் செரும்பெட்" என்று அழைக்கிறார்கள்.

எங்கே வளர்கிறது?

மழை அதிகம் பெய்யும் வெப்ப நாடுகளின் காடுகளே இதன் வீடு. இந்தியாவிலும் மலேசியாவிலும் இது உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. மர நிழலும் ஈர மண்ணும் இருந்தால் போதும். ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

17-ம் நூற்றாண்டில், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி "ஹார்ட்டஸ் மலபாரிகஸ்" என்ற பெரிய நூல் 12 பாகங்களாக வெளிவந்தது. அதிலேயே காட்டு இஞ்சிக்கு இடம் இருக்கிறது.

தண்டு எங்கே?

தரைக்கு மேலே தண்டுபோல் நிற்பது உண்மையில் தண்டு அல்ல. வாழை மரத்தைப்போல, இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவுதான்!

உண்மையான தண்டு மண்ணுக்குள் படுத்திருக்கிறது. அதைத்தான் நாம் கிழங்கு என்கிறோம். அது வேர் அல்ல. வேருக்குக் கணு கிடையாது. இதற்குக் கணு உண்டு. கணுவிலே முளையும் உண்டு.

பருவம் முடிந்ததும் இலைகள் பழுத்துச் சாய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிழங்கு தூங்குகிறது. காலம் வந்ததும் மீண்டும் முளைக்கும்.

பூவைத் தேடுங்கள்!

பூங்கொத்துக்கு என்றே தனிக் காம்பு மண்ணிலிருந்து கிளம்புகிறது. அதில் இலை இல்லை. உச்சியிலே செதில் செதிலாக ஒரு கூம்பு. முதலில் பச்சை, பிறகு சிவப்பு.

இதைப் பூ என்று எண்ணிவிடாதீர்கள். செதில்களின் இடுக்கில், வெளிர் மஞ்சள் நிறத்தில் எட்டிப் பார்ப்பதுதான் பூ. ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் தருவது ஒரே ஒரு கேசரம்தான்!

கூம்பு சிவந்த பிறகு அதைப் பிழிந்தால் சாறு வரும்.

படகில் போன செடி

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. பழங்காலத்தில் பாலினீசிய மக்கள் படகு ஏறி அங்கே குடியேறினார்கள். போகும்போது காட்டு இஞ்சியையும் கொண்டுபோனார்கள். அங்கே அதன் பெயர் "அவாபுஹி". அதன் சாறுதான் அவர்களுக்குச் சீயக்காய்!

உழவருக்கு உதவுமா?

இஞ்சி பயிரிடுவோருக்குப் பெரிய எதிரி அழுகல் நோய். "பித்தியம்" என்ற நுண்ணுயிரால் வருவது அது. நீர் தேங்கிய நிலத்தில் வேகமாகப் பரவும். இலை மஞ்சளாகும், அடி இளகும், கிழங்கு அழுகும். போட்ட முதல் போய்விடும்.

காட்டு இஞ்சியோ இந்த நோயை எதிர்த்து நிற்கிறது!

அப்படியானால் இரண்டையும் கலந்து புதிய ரகம் உண்டாக்கலாமே? அது எளிதல்ல. வயலில் வளரும் இஞ்சி விதை கொடுப்பதில்லை என்றே சொல்லலாம். கிழங்கை நட்டுத்தான் அதைப் பெருக்குகிறோம். ஆகவே, காட்டு இஞ்சியின் எந்த மரபணுக்கள் இந்தக் காவல் வேலையைச் செய்கின்றன என்று கேரளத்தில் விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சமையல் இஞ்சி காட்டிலே தானாக வளர்வதில்லை. அதற்கு நோய் வந்தால், மருந்தை அதன் உறவுகளிடம்தான் தேட வேண்டும். அந்த உறவுகள் இருப்பது காட்டிலே. காடு போனால் அவையும் போய்விடும்!