உள்ளூர்க்காரருக்குத் தடை போட்ட கோட்டை ஊர்!

இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கும் நாடு வேல்ஸ். அதன் வட கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். பெயர் கான்வி.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 8 கோபுரங்களுடன் ஒரு கற்கோட்டை நிற்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு.

மன்னன் உத்தரவு

1283–ம் ஆண்டு இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு வேல்ஸ் நாட்டைப் பிடித்தான். கான்வியில் ஒரு கிறிஸ்தவ மடம் இருந்தது. வேல்ஸ் மக்கள் போற்றிய லிவெலின் என்ற மன்னர் அடக்கமான இடம் அது. எட்வர்டு அங்கிருந்த துறவிகளை வேறு ஊருக்கு அனுப்பினான். அங்கே கோட்டையும் ஊரும் கட்டினான்.

நான்கே ஆண்டுகளில் வேலை முடிந்தது. ஊரைச் சுற்றி முக்கால் மைல் நீள மதில். அதில் 21 கோபுரங்கள், 3 வாசல்கள்.

உள்ளே இங்கிலாந்துக்காரர்கள் குடியேறினார்கள். வேல்ஸ் மக்கள் அங்கே குடியிருக்கத் தடை! சொந்த மண்ணிலேயே அவர்கள் அன்னியர் ஆனார்கள்.

தச்சன் வந்தான்

1401–ம் ஆண்டு, புனித வெள்ளிக்கிழமை. காவலர்கள் மாதா கோவிலுக்குப் போயிருந்தார்கள். அப்போது ஒரு தச்சன் வந்தான். வழக்கமான வேலைக்கு வந்ததாகச் சொன்னான். கதவு திறந்தது.

காவலுக்கு நின்ற இருவரையும் அவன் தீர்த்துக் கட்டினான். ரீஸ், குவிலிம் என்ற வேல்ஸ் சகோதரர்கள் சுமார் 40 பேருடன் உள்ளே பாய்ந்தார்கள். கோட்டை வீழ்ந்தது! பல வாரங்கள் அதை விடவில்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தார்கள்.

குட்டி வீடு

படகுத்துறையில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு குட்டி வீடு இருக்கிறது. அகலம் 6 அடிதான். பிரிட்டனிலேயே சிறிய வீடு இதுதான் என்கிறார்கள். 1900 வரை அதில் குடியிருந்த மீனவரின் உயரம் என்ன தெரியுமா? 6 அடி 3 அங்குலம்!

மலைப் பாதை

ஊருக்கு மேற்கே கான்வி மலை. உயரம் சுமார் 800 அடி. ஆகஸ்டு மாதத்தில் சரிவெல்லாம் ஊதா நிறப் பூக்கள். மட்டக்குதிரைகள் மேய்கின்றன. உச்சியில், எட்வர்டு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்த ஒரு கோட்டையின் கற்குவியல் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர்.

திரும்பும்போது வந்த வழியே வரவேண்டாம். சிக்னான்ட் கணவாய் பக்கம் இறங்கினால், அங்குள்ள சாலை ஊரிலேயே கொண்டு வந்து விடும்.

இன்று கான்வி மதில் மேல் யாரும் நடக்கலாம். கட்டணம் கிடையாது. ஊர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வெல்ஷ் மொழியும் இருக்கிறது.

யாரைத் தடுக்க மதில் எழுந்ததோ, அவர்களுடைய வழிவந்த பிள்ளைகள் இன்று அதன் மேல் ஓடி விளையாடுகிறார்கள்!